சட்டத்துக்கு ஜன்னல் வைத்த கம்ப்யூட்டர்காரர்

சட்டம் எல்லோருக்கும் பொது. பணக்காரனுக்கும் அதே சட்டம்தான்; ஏழைக்கும் அதே சட்டம்தான். படித்தவனுக்கும் அதுதான், படிக்காதவனுக்கும் அதுதான்.

"இப்படி ஒரு சட்டம் இருப்பது எனக்குத் தெரியாது, சாமி!" என்று கோர்ட்டில் சொன்னால், நீதிபதி விட்டுவிட மாட்டார். சட்டம் தெரியாது என்பது ஒரு சமாதானம் ஆகாது. அநேகமாக எல்லா நாட்டுக் கோர்ட்டுகளிலும் இதுதான் வழக்கம்.

சரி. சட்டத்தைத் தெரிந்துகொண்டுதான் நடக்கவேண்டும் என்றால், அந்தச் சட்டம் எங்கே இருக்கிறது? அதை யாரிடம் போய்க் கேட்பது? படித்துப் பார்க்க எவ்வளவு செலவாகும்?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு சட்டக் கல்லூரி விடை கண்டது. விடை கண்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் சட்டப் பேராசிரியர். மற்றவர் வக்கீலும் அல்ல, நீதிபதியும் அல்ல. அந்தக் கல்லூரியில் கம்ப்யூட்டர் வேலைகளைக் கவனித்துக்கொண்டிருந்தவர்!

அவருடைய கதைதான் இது.

பூட்டிக் கிடந்த சட்டம்

அமெரிக்காவில் சட்டம் ரகசியம் அல்ல. ஆனால் அது கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

ஒரு குடும்பத்தை நினைத்துக் கொள்ளுங்கள். வாடகை வீட்டில் இருக்கிறார்கள். "அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்!" என்கிறார் வீட்டுக்காரர். அவர் அப்படிச் சொல்லலாமா? எத்தனை நாள் அவகாசம் கொடுக்க வேண்டும்? கொடுத்த முன்பணம் திரும்பி வருமா? எல்லாவற்றுக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் தடித்தடியான புத்தகங்களில் இருந்தது. கோர்ட்டுத் தீர்ப்புகள் ஆயிரக்கணக்கான புத்தகங்களில் இருந்தன. பெரிய நூலகத்துக்குப் போனால்தான் பார்க்கலாம். போனாலும் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று தெரியவேண்டுமே!

கம்ப்யூட்டர் வந்தது. 1973-ம் ஆண்டில் 'லெக்சிஸ்' என்ற சேவையும், 1975-ம் ஆண்டில் 'வெஸ்ட்லா' என்ற சேவையும் வந்தன. சட்ட விஷயங்கள் கம்ப்யூட்டரில் ஏறின. ஒரு சொல்லைக் கொடுத்தால் போதும். அந்தச் சொல் வருகிற தீர்ப்புகளை எல்லாம் கம்ப்யூட்டர் தேடி எடுத்துக் கொடுத்துவிடும்.

அருமையான வசதிதான். ஆனால் அதற்குக் கட்டணம் உண்டு. தேடத் தேடக் கட்டணம் ஏறும். பெரிய வக்கீல் ஆபீசுகள் கொடுத்தன. வாடகை வீட்டுக் குடும்பம் எப்படிக் கொடுக்கும்?

ஆக, சட்டம் எல்லோரையும் கட்டியது. ஆனால் அதைப் படிக்கிற வசதி சிலருக்குத்தான் இருந்தது.

தந்திப் பணத்தில் பிறந்த பல்கலைக்கழகம்

நியூயார்க் மாநிலத்தில் இதாகா என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. கயூகா என்ற நீளமான ஏரியின் முனையில் இருக்கிறது. மலைச்சரிவும் அருவியும் நிறைந்த ஊர். குளிர்காலத்தில் பனி கொட்டும்.

இந்த ஊரில்தான் கார்னெல் பல்கலைக்கழகம் இருக்கிறது. இது 1865-ம் ஆண்டு ஏற்பட்டது. இதை ஏற்படுத்தியவர்களில் ஒருவரான எஸ்ரா கார்னெல், தந்தித் தொழிலில் பணம் சேர்த்தவர். 1844-ம் ஆண்டு வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே தந்திக் கம்பி போட்டார்கள் அல்லவா? அந்த வேலையில் பங்கு கொண்டவர் இவர்.

1887-ம் ஆண்டில் இந்தப் பல்கலைக்கழகத்தில் சட்டக் கல்லூரி ஆரம்பமானது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, இதே கல்லூரியிலிருந்து சட்டமும் கம்பி வழியாகவே ஊர் ஊராகப் போகத் தொடங்கியது!

சட்டக் கல்லூரியில் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை?

சட்டக் கல்லூரி என்றதும் கறுப்பு அங்கியும் தடித்த புத்தகமும்தான் ஞாபகத்துக்கு வரும். அங்கே கம்ப்யூட்டர்காரருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை ஏராளம்!

முதலில், பரீட்சை. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் மாணவர்கள் விடைகளைத் தங்கள் கம்ப்யூட்டரிலேயே தட்டி எழுதுகிறார்கள். மற்றக் குறிப்புகளைப் பார்க்க முடியாதபடி கம்ப்யூட்டரைப் பூட்டி வைக்க, தனி சாப்ட்வேர் இருக்கிறது. பல கல்லூரிகளில் விடைத்தாளில் பெயர் இராது, எண்தான் இருக்கும். பரீட்சை நடுவில் கம்ப்யூட்டர் நின்றுவிட்டால், மாணவனின் ஓராண்டுப் படிப்பே ஊசலாடும். எழுதிய ஒரு வரிகூடக் காணாமல் போகக்கூடாது.

அடுத்தது, ஏழைகளின் வழக்கு. பல சட்டக் கல்லூரிகள் இலவச சட்ட உதவி நிலையம் நடத்துகின்றன. பேராசிரியரின் மேற்பார்வையில் மாணவர்களே வழக்குகளைக் கவனிக்கிறார்கள். கட்சிக்காரர் தன் குடும்ப ரகசியத்தை எல்லாம் சொல்லியிருப்பார். அந்த பைல்கள் வேறு யார் கண்ணிலும் படக்கூடாது. அழிந்தும் போகக்கூடாது.

இன்னும் நூலகம் இருக்கிறது. மாதிரிக் கோர்ட்டில் மாணவர்கள் வாதாடுவதைப் படம் பிடிக்க வேண்டும். "வகுப்புக்கு ஐந்து நிமிடம்தான் இருக்கிறது, திரையில் படம் வரவில்லை!" என்று ஒரு பேராசிரியர் ஓடி வருவார்.

இவை எல்லாவற்றுக்கும் பொறுப்பான தலைவர் ஒருவர் வேண்டும். எதை வாங்குவது, எதைத் தள்ளுவது, யாரை வேலைக்கு வைப்பது என்று முடிவு செய்கிறவர் அவர். எல்லாம் ஒழுங்காக நடந்தால் அவரை யாரும் நினைப்பதில்லை. ஏதாவது ஒன்று நின்றுபோனால் எல்லோரும் அவரைத்தான் தேடுவார்கள்!

திரைக்குப் பின்னால் இருந்தவர்

கார்னெல் சட்டக் கல்லூரியில் இந்த மாதிரி வேலைக்கு வந்தவர் தாமஸ் புரூஸ்.

அதற்கு முன் அவர் பார்த்த உத்தியோகம் என்ன தெரியுமா? நாடக மேடை நிர்வாகி! எந்த நிமிடத்தில் திரை தூக்க வேண்டும், எந்த நிமிடத்தில் விளக்குப் போட வேண்டும், நடிகர் எந்தப் பக்கமாக உள்ளே வரவேண்டும் என்பதை எல்லாம் திரைக்குப் பின்னால் நின்று நடத்துகிற வேலை. கைதட்டல் நடிகருக்கு. கவலை நிர்வாகிக்கு!

கம்ப்யூட்டர் தலைவருக்கும் இதே குணம்தான் வேண்டும். தான் முன்னால் தெரியக்கூடாது. ஆனால் காரியம் நடக்கவேண்டும்.

அதே கல்லூரியில் பீட்டர் மார்ட்டின் என்ற பேராசிரியர் இருந்தார். 1980 முதல் 1988 வரை கல்லூரியின் தலைவராக இருந்தவர். சட்டத்தைக் கம்ப்யூட்டர் மூலம் கற்பிக்கலாம், பரப்பலாம் என்பதில் ஆர்வம் கொண்டவர்.

ஒருவருக்குச் சட்டம் தெரியும். இன்னொருவருக்குக் கம்ப்யூட்டர் தெரியும். இருவரும் சேர்ந்தார்கள். 1992-ம் ஆண்டு கல்லூரிக்குள்ளேயே 'சட்டத் தகவல் நிலையம்' ஒன்றை ஆரம்பித்தார்கள். இதற்காக ஒரு நிறுவனம் சில ஆண்டுகளுக்குச் சேர்த்து 2 லட்சத்து 50 ஆயிரம் டாலர் நன்கொடை கொடுத்தது.

அவர்களுடைய நோக்கம் எளிமையானது. சட்டத்தை எல்லோரும் படிக்க வேண்டும். காசு வாங்காமல் படிக்க வேண்டும். புரிகிற மாதிரி படிக்க வேண்டும்.

வக்கீல்களின் கம்ப்யூட்டரில் வழி இல்லை!

அப்போது இன்டர்நெட் குழந்தைப் பருவத்தில் இருந்தது. 'வேர்ல்டு வைட் வெப்' என்ற உலகளாவிய வலையை, சுவிட்சர்லாந்தில் உள்ள 'செர்ன்' விஞ்ஞானக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் உருவாக்கியிருந்தார். 1991-ம் ஆண்டில்தான் அது வெளி உலகத்துக்கு வந்தது.

அந்த வலையில் உள்ளதைப் பார்க்க 'பிரவுசர்' என்ற சாப்ட்வேர் வேண்டும். எங்கோ தூரத்துக் கம்ப்யூட்டரில் இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்கி, நம் கம்ப்யூட்டர் திரையில் விரித்துக் காட்டுவது அதன் வேலை. பிரவுசர் இல்லாவிட்டால் வலை இருந்தும் பயன் இல்லை.

இங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. அப்போது இருந்த பிரவுசர்கள் எல்லாம் பெரும்பாலும் விஞ்ஞானிகள் வைத்திருந்த கம்ப்யூட்டர்களுக்காகச் செய்யப்பட்டவை. வக்கீல் ஆபீசுகளில் இருந்ததோ சாதாரணக் கம்ப்யூட்டர். அதில் ஓடியது மைக்ரோசாப்ட் கம்பெனியின் 'விண்டோஸ்'. விண்டோஸ் என்றால் ஜன்னல்கள் என்று அர்த்தம். பெயர்தான் ஜன்னல், அதன் வழியாக வலையைப் பார்க்க முடியவில்லை!

"சட்டத்தை வலையில் ஏற்றிவிட்டோம். படிக்க வேண்டியவர்களால் பார்க்க முடியாதே! என்ன செய்வது?" என்ற கேள்வி எழுந்தது.

பெரிய கம்பெனி ஏதாவது செய்யட்டும் என்று புரூஸ் காத்திருக்கவில்லை. தாமே உட்கார்ந்து ஒரு பிரவுசரை எழுதினார்! அதற்கு 'செல்லோ' என்று பெயர் வைத்தார். வயலின் இனத்தைச் சேர்ந்த ஒரு பெரிய வாத்தியத்தின் பெயர் அது. 1993-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி அது வெளிவந்தது.

விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு வந்த முதல் பிரவுசர் அதுதான். கோடிக்கணக்கான பேர் பிற்பாடு அந்த ஜன்னல் வழியாகத்தான் உலகத்தைப் பார்த்தார்கள். அதை முதலில் திறந்தது பெரிய கம்பெனி அல்ல. ஒரு சட்டக் கல்லூரியின் கம்ப்யூட்டர்காரர்!

செல்லோவின் வாழ்வு நீண்ட காலம் அல்ல. அதே 1993-ம் ஆண்டின் இறுதிக்குள் 'மொசைக்' என்ற பிரவுசர் விண்டோசுக்கும் வந்துவிட்டது. 1994-ம் ஆண்டில் 'நெட்ஸ்கேப்' வந்தது. அவற்றின் பின்னால் ஆட்களும் பணமும் இருந்தன. செல்லோ நின்றுவிட்டது. ஆனால் காரியம் நிற்கவில்லை. பிரவுசர் விற்பது புரூசின் நோக்கம் அல்லவே! ஜனங்கள் சட்டத்தைப் படிக்கவேண்டும் என்பதுதான் நோக்கம். ஜன்னலை யார் செய்தால் என்ன? வெளிச்சம் வந்தால் சரி.

ஒரு சட்டம் இன்னொரு சட்டத்தைக் கூப்பிடும்

சட்டப் புத்தகம் படித்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரு பிரிவை மட்டும் படித்தால் விஷயம் முடியாது. "12-ம் பிரிவில் சொல்லப்பட்டவர் நீங்கலாக" என்று இருக்கும். 12-ம் பிரிவுக்குப் போனால், "வேறு சட்டத்தில் விளக்கியுள்ளபடி" என்று இருக்கும். அந்தச் சட்டம் வேறு புத்தகத்தில் இருக்கும். ஏணி வைத்து ஏறி எடுக்க வேண்டும்!

வலையில் இந்தத் தொல்லை இல்லை. "12-ம் பிரிவு" என்ற சொல்லின் மேல் அழுத்தினால் போதும். 12-ம் பிரிவே கண் முன்னால் வந்து நிற்கும்.

இதை அழுத்துவது சுலபம். செய்வது சுலபம் அல்ல. அமெரிக்க மத்திய சட்டத் தொகுப்பு 50-க்கும் மேற்பட்ட பகுதிகள் கொண்டது. அதில் ஒவ்வொரு குறிப்பும் சரியான இடத்தைக் காட்ட வேண்டும். காங்கிரஸ் என்ற அமெரிக்கப் பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். பழைய வரி நீங்கிப் புதிய வரி வரவேண்டும். தப்பான வரியைப் படித்துவிட்டு ஒருவர் தப்பான காரியம் செய்தால், நஷ்டம் அவருக்குத்தான். ஆகையால் இந்த வேலைக்கு ஓய்வே கிடையாது.

சுப்ரீம் கோர்ட்டை முந்திய கல்லூரி

அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 1990-ம் ஆண்டு முதல் தன் தீர்ப்புகளைக் கம்ப்யூட்டர் பைலாக ஒரு சில நிறுவனங்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. அப்படி வெளிவந்த தீர்ப்புகளைக் கார்னெல் நிலையம் ஒழுங்குபடுத்தி, எல்லோரும் படிக்கும்படி வலையில் வைத்தது. கேட்டவர்களுக்குத் தீர்ப்பின் சுருக்கத்தை இலவசமாக ஈமெயிலில் அனுப்பியது.

சுப்ரீம் கோர்ட்டு தனக்கென்று வலைத்தளம் தொடங்கியது எப்போது தெரியுமா? 2000-ம் ஆண்டு ஏப்ரலில்தான்! நாட்டின் தலைமைக் கோர்ட்டுக்கே வலைத்தளம் இல்லாத அத்தனை ஆண்டுகளும், கல்லூரியில் இருந்த கம்ப்யூட்டர்கள் அந்த வேலையைச் செய்தன.

படிக்க வந்தவர்கள் வக்கீல்கள் மட்டும் அல்ல. சிறு வியாபாரி வந்தார். பள்ளிக்கூட ஆசிரியர் வந்தார். விவாகரத்து வழக்கில் சிக்கிய தாய் வந்தாள். கடினமான சட்டச் சொற்களுக்கு எளிய விளக்கம் தரும் அகராதி ஒன்றையும் அந்த நிலையம் வலையில் வைத்திருக்கிறது.

சட்டம் யாருக்குச் சொந்தம்?

"இப்படி எல்லாவற்றையும் இலவசமாக வெளியிடலாமா? சட்டத்துக்குச் சொந்தக்காரர் இல்லையா?" என்று கேட்கலாம்.

இந்தக் கேள்வி பழையது. 1834-ம் ஆண்டிலேயே அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்கு இது வந்தது. தீர்ப்புகளைத் தொகுத்துப் புத்தகம் போட்ட இரண்டு பேருக்குள் சண்டை. நீதிபதிகள் எழுதிய தீர்ப்புக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது.

அதோடு முடியவில்லை. ஜார்ஜியா மாநிலம், குறிப்புரையுடன் கூடிய தன் அதிகாரபூர்வமான சட்டத் தொகுப்புக்கு உரிமை கொண்டாடியது. அதை இலவசமாக வலையில் போட்ட ஒரு பொதுநல நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2020-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம். நான்கு பேர் மறு பக்கம். சட்டசபையின் பெயரால் எழுதப்பட்ட அந்தக் குறிப்புரைக்கும் உரிமை கொண்டாட முடியாது என்று முடிவாயிற்று. ஒரே ஓட்டில் தப்பியது, ஜனங்களின் உரிமை!

கடல் தாண்டிய விதை

இதாகாவில் போட்ட விதை மற்ற நாடுகளிலும் முளைத்தது. 1995-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து இதே மாதிரி நிலையம் தொடங்கின. 2000-ம் ஆண்டு பிரிட்டனில் ஒன்று ஏற்பட்டது. 2002-ம் ஆண்டு கனடாவில் மாண்ட்ரீல் நகரில் இப்படிப்பட்ட நிலையங்கள் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டன. பொது நிறுவனங்களில் பிறக்கும் சட்டத் தகவல் மனித குலத்தின் பொதுச் சொத்து என்பது அதன் சாரம்.

நம் நாட்டில் எப்படி? 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. கோர்ட்டு தடை செய்யாத வரை, தீர்ப்பை யாரும் வெளியிடலாம். தீர்ப்பின் மூல வாசகம் தனியாருக்குச் சொந்தம் அல்ல என்று 2007-ம் ஆண்டு டிசம்பரில் நம் சுப்ரீம் கோர்ட்டும் சொன்னது. பதிப்பாளர் தம் உழைப்பால் சேர்க்கும் தலைப்புக் குறிப்பு முதலியவற்றுக்கு மட்டும் அவருக்கு உரிமை உண்டு.

2008-ம் ஆண்டில் 'இந்தியன் கானூன்' என்ற இலவச வலைத்தளம் பிறந்தது. தீர்ப்புகளையும் சட்டங்களையும் தேடித் தருவது. அதைச் செய்த சுஷாந்த் சின்காவும் வக்கீல் அல்ல, கம்ப்யூட்டர் படித்தவர்தான்! 2023-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே தன் தீர்ப்புத் தொகுப்பை இலவசமாக வலையில் திறந்துவிட்டது. தேர்ந்தெடுத்த தீர்ப்புகளைத் தமிழ் உள்பட இந்திய மொழிகளில் பெயர்த்தும் வெளியிடுகிறது.

ஒரு வார்த்தை

சட்டத்தைப் படித்துவிட்டால் வக்கீல் வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. மருந்தின் பெயர் தெரிந்தால் மட்டும் வைத்தியம் ஆகிவிடாது. எந்தச் சட்டம் எந்த வழக்குக்குப் பொருந்தும் என்று சொல்ல, படித்த வக்கீல் வேண்டும்.

ஆனால் சட்டம் தெரிந்தவன் வக்கீலிடம் சரியான கேள்வி கேட்பான். "அப்படி எந்தச் சட்டத்தில் இருக்கிறது?" என்று மிரட்டுகிறவனைத் திருப்பிக் கேட்பான். தெரியாதவன் தலை குனிந்து வெளியே வருவான். இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் இத்தனை பாடும்.

உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் கையில் செல்போன் இருக்கும். வாடகையோ, கூலியோ, சொத்தோ ஒரு தகராறு வந்தால், அது சம்பந்தமான சட்டத்தை எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அங்கே வந்து நிற்கும் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும், இரவு பகலாகக் கம்ப்யூட்டரைக் காத்து நிற்கிற யாரோ ஒருவருடைய உழைப்பு இருக்கிறது.

சட்டம் எல்லோருக்கும் பொது என்றால், அதைப் படிக்கிற உரிமையும் எல்லோருக்கும் பொதுதான்!